எட்வின் ஜாக்சன்: 14 அணி, 17 சீசன். இந்தக் கணக்கை எப்படிப் படிப்பது?

#1 | தையல்108

பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்) எட்வின் ஜாக்சனின் எண்களை முன்னால் வைத்துப் பேசலாம் என்று இந்த இழையைத் திறக்கிறேன். 2003 முதல் 2019 வரை மேஜர் லீக் பேஸ்பாலில் 17 சீசன். 107 வெற்றி, 133 தோல்வி. இ.ஆர்.ஏ. 4.78, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குக் கிட்டத்தட்ட ஐந்து ரன். அணிகள் வரிசையாக: டாட்ஜர்ஸ், டெவில் ரேஸ், டைகர்ஸ், டைமண்ட்பேக்ஸ், ஒயிட் சாக்ஸ், கார்டினல்ஸ், நேஷனல்ஸ், கப்ஸ், பிரேவ்ஸ், மார்லின்ஸ், பாட்ரேஸ், ஓரியோல்ஸ், அத்லெடிக்ஸ், புளூ ஜேஸ். 2019 மே மாதம் டொராண்டோ சட்டையில் மேடேறியபோது, அதிக அணிகளுக்கு ஆடியவர் என்ற ஆக்டாவியோ டோட்டலின் 13 அணி சாதனையைத் தாண்டினார்.

"எந்த அணியும் வைத்துக்கொள்ளாத ஆள்" என்று இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. தோற்ற ஆட்டம் ஜெயித்ததைவிட 26 அதிகம். அப்படிப்பட்டவருக்கு 17 வருடம் சம்பளம் கொடுக்க ஆள் இருந்திருக்கிறது என்றால் காரணம் என்ன? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 | ஐந்தாம்நாள்

வெற்றி தோல்வியை முதலில் தூக்கி ஓரமாக வையுங்கள். பிட்சருக்கு அது பாதிக்குப் பாதி பிறர் கையில் இருக்கும் கணக்கு. அவர் வீசிய இன்னிங்ஸைப் பாருங்கள். 2008-இல் 183, 2009-இல் 214, 2010-இல் 209, 2011-இல் 199, 2012-இல் 189. ஐந்து வருடமும் 31 ஆட்டத்துக்குக் குறையாமல் தொடங்கியிருக்கிறார்.

ஓர் அணிக்கு ஆண்டுக்கு 162 ஆட்டம், சுமார் 1,450 இன்னிங்ஸ். யாராவது வீசித்தான் ஆகவேண்டும். ஆளுக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து தொடக்கப் பிட்சர்களில் ஒருவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், அந்த 180 இன்னிங்ஸ் கீழ்மட்டமான மைனர் லீக்கிலிருந்து வரும் பையன்கள் தலையிலும், ஏற்கெனவே களைத்துப்போன புல்பென் (ஆட்டத்தின் நடுவில் இறங்கும் பிட்சர்கள்) தலையிலும் விழும். அங்கே ஒன்பது இன்னிங்ஸுக்கு ஆறு ரன் போவது சாதாரணம். ஆகவே, நாலரை ரன் கொடுத்தாலும் ஐந்தாம் நாள் தவறாமல் பந்தைக் கையில் வாங்குகிறவருக்கு விலை உண்டு. ஜாக்சனுக்கு டாமி ஜான் எனப்படும் முழங்கைத் தசைநார் அறுவைச் சிகிச்சையே நடந்ததில்லை. இவ்வளவு வேகமாக வீசியவருக்கு அது அபூர்வம்.

வேகம்தான் இரண்டாவது காரணம். நல்ல காலத்தில் மணிக்கு 94, 95 மைல், கூடவே பக்கவாட்டில் கூர்மையாக விலகும் ஸ்லைடர் பந்து. கோளாறு கட்டுப்பாட்டில்தான். இப்படி ஒரு கையைப் பார்க்கிற எந்தப் பயிற்சியாளருக்கும் "இதை நான் சரிசெய்துவிடுவேன்" என்று தோன்றும். வேகத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது, கட்டுப்பாட்டைச் சொல்லிக்கொடுக்கலாம் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை பல ஊரில் பலித்தது, பல ஊரில் பலிக்கவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். முதல் பாதியில் அவரை யாரும் துரத்தவில்லை. டெட்ராய்ட் அவரை வாங்க மாட் ஜாய்ஸைக் கொடுத்தது. அரிசோனா அவரையும் இயன் கென்னடியையும் வாங்க மாக்ஸ் ஷெர்ஸரை விட்டுக்கொடுத்தது. சிகாகோ ஒயிட் சாக்ஸ் டேனியல் ஹட்ஸனைக் கொடுத்தது. இதெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு போன கதை.

#3 | நாற்பதாம்_இடம்

ஐந்தாம்நாள் சொன்னது ஆட்டத்தின் பக்கம். காகிதத்தின் பக்கம் ஒன்று இருக்கிறது. அது தெரியாமல் ஊர் ஊராய்ப் போகும் பிட்சர் ஒருவரின் வாழ்க்கையும் புரியாது.

ஒவ்வோர் அணிக்கும் 40 பேர் பட்டியல் ஒன்று. அதற்குள்ளே, ஆட்டத்துக்குத் தயாராக இருக்கும் 26 பேர் (2020க்கு முன் 25). நாற்பதில் இருந்துகொண்டு இருபத்தாறில் இல்லாதவரை மைனர் லீக்குக்கு அனுப்புவதுதான் ஆப்ஷன். ஒரு வீரரிடம் பொதுவாக மூன்று ஆப்ஷன் ஆண்டுகள் இருக்கும். ஓர் ஆண்டில் மொத்தம் 20 நாளாவது கீழே இருந்தால் அந்த ஆண்டு செலவானதாகக் கணக்கு. மூன்றும் தீர்ந்துவிட்டால், அவரைக் கீழே அனுப்புவதற்கு முன் மற்ற 29 அணிகளுக்கும் காட்டியாக வேண்டும். வேவர் என்பது அதுதான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இதை ஜாக்சனுக்குப் பொருத்திப் பாருங்கள். 2003 செப்டம்பர் 9, தன் 20ஆம் பிறந்தநாளில், புகழ்பெற்ற பிட்சர் ராண்டி ஜான்சனுக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே வென்றார். அன்றே நாற்பதுக்குள் வந்தாகிவிட்டது. 2004, 2005, 2006 மூன்று வருடமும் மேலும் கீழும் அலைந்ததில் ஆப்ஷன் காலி. 2007-இல் டெவில் ரேஸுக்கு இரண்டே வழி: மேஜர் லீக்கிலேயே வைத்து வீசவிடு, அல்லது அடுத்தவனுக்குத் தாரை வார். வைத்துக்கொண்டார்கள். 5 வெற்றி, 15 தோல்வி, இ.ஆர்.ஏ. 5.76. அடுத்த வருடம் அதே கைதான் 14 ஆட்டம் ஜெயித்தது, அந்த அணி உலகத் தொடருக்கு (லீக்கின் இறுதிப் போட்டி) போனது.

இருபது வயதில் மேலே கொண்டுவந்த அவசரம் மூன்று ஆப்ஷனையும் 22 வயதுக்குள் தின்றுவிட்டது என்பதே என் கணிப்பு. மைனர் லீக்கில் நிதானமாகப் பழகியிருக்க வேண்டிய பாடத்தை, ஒன்றாம் நம்பர் பேட்ஸ்மேன்கள் முன்னால் படிக்க வேண்டி வந்தது.

#4 | புல்பென்_கதவு

டி.எஃப்.ஏ. என்று செய்தியில் வருதே, அதுவும் வேவரும் ஒண்ணுதானா? யாராவது படிப்படியா சொல்லுங்க.

#5 | நாற்பதாம்_இடம்

ஒன்றல்ல. டி.எஃப்.ஏ. என்றால் அந்த நிமிடமே நாற்பதிலிருந்து பெயரை எடுத்துவிடுவது. இடம் காலியாகிவிடும், புது ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம். எடுக்கப்பட்டவரை என்ன செய்வது என்று முடிவெடுக்க அணிக்கு ஏழு நாள். அதற்குள் வேறு அணிக்கு மாற்றலாம், வேவரில் விடலாம், அல்லது மொத்தமாக விடுவிக்கலாம். வேவரில் யாரும் எடுக்காவிட்டால் மைனர் லீக்குக்கு அனுப்பப் பார்ப்பார்கள். மூன்று ஆண்டு சேவை உள்ளவரோ, முன்பே ஒருமுறை அப்படி அனுப்பப்பட்டவரோ "மாட்டேன்" என்று சொல்லி வெளியேறலாம். ஆனால் ஐந்து ஆண்டு சேவை நிரம்பாதவர் அப்படி வெளியேறினால் மீதிச் சம்பளம் போச்சு. ஐந்து நிரம்பியவருக்கு வெளியேறினாலும் பணம் வரும்.

சேவை ஆண்டு என்பது மேஜர் லீக் பட்டியலில் 172 நாள். சீசன் அதைவிடப் பத்துப் பதினைந்து நாள் நீளம்.

இங்கேதான் ஜாக்சனின் இரண்டாம் பாதி வருகிறது. 2012 டிசம்பரில் கப்ஸ் அவருக்கு நான்கு வருடத்துக்கு 5.2 கோடி டாலர் கொடுத்தது. 2013-இல் வெற்றி-தோல்வி 8-18, 2014-இல் 6-15, இ.ஆர்.ஏ. 6.33. 2015 ஜூலையில் விடுவித்துவிட்டார்கள். அதன்பின் அவரை எடுக்கிற அணி லீக்கின் குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் கொடுத்தால் போதும், மீதி கப்ஸ் தலையில். அட்லாண்டா, மயாமி, சான் டியேகோ என்று 2016 முடியும்வரை அவர் நகர்ந்த வேகத்துக்கு இதுதான் காரணம். அனுபவமுள்ள ஒரு கை, விலையோ கொசுறு. வேண்டாமென்றால் இரண்டு மாதத்தில் விட்டுவிடலாம், நஷ்டமில்லை. அணிகளின் எண்ணிக்கை ஏறுவது இப்படித்தான். நல்ல ஒப்பந்தம் ஒன்று உடைந்தால், அதன் வால் நாலைந்து ஊர் நீளும்.

#6 | கேட்சர்_கண்

2010 ஜூன் 25 பற்றி ஒருவரும் எழுதவில்லையே. அரிசோனாவுக்காக, தன் பழைய அணி டெவில் ரேஸின் (அப்போது பெயர் ரேஸ்) மைதானத்திலேயே நோ-ஹிட்டர். ஒன்பது இன்னிங்ஸ், ஒரு ஹிட் இல்லை, 1-0. ஆனால் 149 பந்து, எட்டு வாக் (இலக்கு தவறிய நாலு பந்தால் பேட்ஸ்மேனுக்கு இலவசமாகப் போகும் முதல் பேஸ்). எட்டில் ஏழு முதல் மூன்று இன்னிங்ஸிலேயே. மூன்றாவது இன்னிங்ஸில் அவுட் ஏதும் இல்லாமல் மூன்று பேஸும் நிரம்பி நின்றது, ஒரு ரன்கூடப் போகவில்லை.

அந்த ஆட்டத்துக்குள் அவருடைய மொத்த வாழ்க்கையும் இருக்கிறது. அவருக்குக் கோளாறு எப்போதும் ஒரே இடத்தில்: முன்கால் மண்ணில் பதிவதற்கு முன்பே தோள் திறந்துவிடும். கை பின்தங்கும், பந்து வலக்கை பேட்ஸ்மேனின் உடம்புப் பக்கம் மேலே ஓடிவிடும். அடுத்த பந்தில் அதைச் சரிசெய்யக் கையை இழுத்தால் எதிர்ப்பக்கம் கீழே மண்ணில் குத்தும். வாக் இப்படித்தான் பிறக்கிறது. நான்காவது இன்னிங்ஸிலிருந்து தாளம் பிடிபட்டுவிட்டது. அதன்பின் கடைசிவரை ஒரே ஒரு வாக்.

ஆனாலும் மேலாளர் ஏ.ஜே. ஹின்ச் அவரைத் தொடரவிட்டது தப்பு என்பேன். நூறு பந்தைத் தாண்டினாலே யோசிக்கிற காலம் அது. இன்னும் 49 பந்து அந்தத் தோளிலிருந்து எடுக்கப்பட்டது.

#7 | ஐந்தாம்நாள்

கேட்சர்_கண், கோளாறைச் சொன்னது மிகச் சரி. முடிவோடு உடன்பட முடியவில்லை. ஐந்து வாரம் கழித்து ஒயிட் சாக்ஸுக்குப் போனார். அங்கே 11 ஆட்டத்தில் 4-2, இ.ஆர்.ஏ. 3.24. அடுத்த வருடம் 199 இன்னிங்ஸ், கார்டினல்ஸோடு உலகத் தொடர் மோதிரம். கை கெட்டதற்கு இதில் அடையாளமே இல்லை.

பந்து எண்ணிக்கையை மட்டும் வைத்துக் காயத்தைக் கணிக்கக் கூடாது. களைப்போடு வீசும் பந்துதான் ஆபத்து. களைப்பு வந்தால் வேகம் இறங்கும், முழங்கை தோள் மட்டத்துக்குக் கீழே சரியும். வேகம் இரண்டு மைல் குறைந்தால் புல்பென்னுக்குப் போன் போட வேண்டும்.

2011 கதையில் ஒரு நறுக்கு. ஜூலை 27 அன்று ஜாக்சன் சிகாகோவிலிருந்து டொராண்டோவுக்கும், அதே நாளில் டொராண்டோவிலிருந்து செயின்ட் லூயிஸுக்கும் மாற்றப்பட்டார். டொராண்டோவுக்காக அன்று ஒரு பந்துகூட வீசவில்லை, அதனால் அது கணக்கில் சேரவில்லை. எட்டு வருடம் கழித்து அதே அணிதான் பதினான்காவது. செயின்ட் லூயிஸுக்குக் கூடவே அனுப்பப்பட்டவர் யார் தெரியுமா? ஆக்டாவியோ டோட்டல்.

#8 | தையல்108

டோட்டல் சங்கதி தெரியாது, நன்றி. சாதனையை வைத்திருக்கப்போகிற இருவரும் ஒரே ஒப்பந்தத்தில்!

ரிச் ஹில்லையும் சேர்க்க வேண்டும். 2025 ஜூலை 22, 45 வயதில் கான்சஸ் சிட்டி ராயல்ஸுக்காக வீசி ஜாக்சனின் 14ஐச் சமன்செய்தார். அதுவும் எங்கே? 2005-இல் எந்த அணியில் தொடங்கினாரோ அந்தக் கப்ஸின் ரிக்லி ஃபீல்டில். இவருக்கு வேகம் கிடையாது. எப்படி நின்றார்?

#9 | கேட்சர்_கண்

கர்வ்பால், அதாவது மெதுவாக வளைந்து கீழே விழும் பந்து. ஒரே வார்த்தையில் அதுதான், ஆனால் அதைக் கண்டுகொள்ளப் பத்து வருடம் ஆனது.

2007-இல் கப்ஸுக்காக 195 இன்னிங்ஸ், 183 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்ஸ்மேன் அவுட்). மறு வருடம் கட்டுப்பாடு காணாமல் போனது: 20 இன்னிங்ஸ்கூட நிரம்பவில்லை, 18 வாக். தோளில் அறுவை, 2011-இல் முழங்கையில் டாமி ஜான். கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வீசிப் பார்த்தார், இடக்கை பேட்ஸ்மேன்களை மட்டும் எதிர்கொள்ளும் ரிலீவராக (ஆட்டத்தின் நடுவில் இறங்கும் பிட்சர்) ஊர் ஊராய்ப் போனார். 2015 கோடையில் லாங் ஐலண்ட் டக்ஸ் என்ற சுதந்திர லீக் அணியில் இரண்டே ஆட்டம். அங்கிருந்து ரெட் சாக்ஸின் மைனர் லீக். அங்கே அணியின் பிட்சிங் ஆய்வாளர் பிரையன் பானிஸ்டர் எண்களைக் காட்டிச் சொன்னது: உன்னிடம் சிறந்த பந்து கர்வ், அதை ஏன் இவ்வளவு குறைவாக வீசுகிறாய்?

வழக்கமான பாடம் என்னவென்றால், பாஸ்ட்பாலால் ஸ்ட்ரைக் எடு, கர்வால் முடி. ஹில் இரண்டையும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வீச ஆரம்பித்தார். கர்வையே வெவ்வேறு வேகத்திலும் வெவ்வேறு கைக் கோணத்திலும் போட்டார். பாஸ்ட்பால் வெறும் 90 மைல்தான். ஆனால் 74 மைலில் கீழே விழும் ஒன்றைப் பார்த்த கண்ணுக்கு, நெஞ்சு உயரத்தில் வரும் 90 மைல் எகிறுவதுபோலத் தெரியும். அந்தச் செப்டம்பரில் பாஸ்டனுக்காக நாலு ஆட்டம்: 29 இன்னிங்ஸ், 36 ஸ்ட்ரைக்அவுட், ஐந்தே வாக், இ.ஆர்.ஏ. 1.55. அடுத்த வருடம் ஓக்லண்டிடம் 60 லட்சம் டாலர். அதற்கடுத்து டாட்ஜர்ஸிடம் மூன்று வருடத்துக்கு 4.8 கோடி. அப்போது வயது 36.

விலையும் கொடுத்தார். கர்வுக்கு நடுவிரலைத் தையலின் மேல் அழுத்தி இழுக்க வேண்டும். அதே இடம், அதே உரசல், ஆட்டத்துக்கு நாற்பது ஐம்பது தடவை. கொப்புளம் வந்துவிடும். வீசும் கையில் பிளாஸ்திரியோ டேப்போ ஒட்ட விதி விடாது, ஆகவே மூடிக்கொண்டு வீசவும் முடியாது. தோல் உரிந்தால் ஆறும்வரை காத்திருப்புதான். 2016 செப்டம்பரில் மயாமியில் ஏழு இன்னிங்ஸ் ஒருவரையும் பேஸ் ஏறவிடாமல் வீசிக்கொண்டிருந்தார், 89 பந்துதான் ஆகியிருந்தது. கொப்புளத்துக்குப் பயந்து டாட்ஜர்ஸ் மேலாளர் டேவ் ராபர்ட்ஸ் வெளியே எடுத்துவிட்டார். அதைப் பார்த்து நெஞ்சு கனக்காதவர் யார்? ஆனால் அந்த முடிவு சரி. அக்டோபரின் பிளேஆஃப் ஆட்டங்களுக்கு அந்த விரல் வேண்டியிருந்தது.

#10 | புல்பென்_கதவு

இவங்க ரெண்டு பேரும் கோடி பார்த்தவங்க. பெயர் தெரியாம மேல கீழ போய்வர்ற பிட்சர்தானே அதிகம்? அவங்க கணக்கு எப்படி?

#11 | நாற்பதாம்_இடம்

நல்ல கேள்வி. 2025-இல் மேஜர் லீக் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 7,60,000 டாலர், நாள் கணக்கில் சுமார் 4,000. 2023 ஒப்பந்தப்படி டிரிபிள்-ஏ (மைனர் லீக்கின் உச்சப் படி) வீரருக்கு ஆண்டுக்கு 35,800. ஒன்பது நாள் மேலே இருந்தால் கீழே ஒரு வருடம் சம்பாதிப்பது கைக்கு வந்துவிடும். செய்தியில் ஒரு வரியாகப் போகும் "மேலே அழைக்கப்பட்டார்" என்பதன் எடை இவ்வளவு.

நாற்பதுக்குள் இருப்பவர் கீழே வீசினாலும் சம்பளம் கூடுதல். ஒரு நாள் மேஜர் லீக்கில் இருந்தால் ஆயுளுக்கும் மருத்துவக் காப்பீட்டில் சேரும் உரிமை. 43 நாள் இருந்தால் ஓய்வூதியம். அந்த 43ஐ எட்டத்தான் எத்தனையோ பேர் 34 வயதிலும் டிரிபிள்-ஏ பேருந்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முன்பெல்லாம் ஆப்ஷன் உள்ள ரிலீவரை வாரம் ஒருமுறைகூட மேலும் கீழும் இழுப்பார்கள். 2022 முதல் ஒரே சீசனில் ஐந்து தடவைக்கு மேல் கூடாது. அனுப்பப்பட்ட பிட்சர் 15 நாள் கீழே இருந்தாக வேண்டும், காயம்பட்டவருக்கு மாற்றாக வந்தால் மட்டும் விலக்கு. இது வீரருக்கு நல்லதுதான். ஆனால் ஆறாவது தடவைக்கு அணி இவரை விட்டுவிட்டு வேவரில் கிடைக்கும் இன்னொருவரைத் தேடுகிறது. அலைச்சல் குறைந்தது, அணி மாற்றம் கூடியது.

#12 | கேட்சர்_கண்

இடக்கை ஆட்களுக்கு இன்னொரு அடி 2020-இல் விழுந்தது. உள்ளே வரும் ரிலீவர் குறைந்தது மூன்று பேட்ஸ்மேனுக்கு வீச வேண்டும், அல்லது இன்னிங்ஸை முடிக்க வேண்டும். ஒரே ஒரு இடக்கை பேட்ஸ்மேனுக்காக வந்து மூன்று பந்து வீசிவிட்டுப் போகும் தொழிலே ஒழிந்தது. ஜெஸ்ஸி ஓரோஸ்கோ 1,252 ஆட்டம் ஆடியது அந்த உலகத்தில். இனி வலக்கை பேட்ஸ்மேனை வெளிப்பக்கம் ஏமாற்றும், வேகம் குறைத்து வீசும் ஒரு சேஞ்சப்பாவது இல்லாமல் இடக்கை ரிலீவர் காலம் தள்ள முடியாது.

#13 | ஐந்தாம்நாள்

வெளிநாட்டையும் மறந்துவிடக் கூடாது. கொரிய லீக்கில் புதிதாக வரும் வெளிநாட்டவருக்கு முதல் வருடம் பத்து லட்சம் டாலர் உச்சவரம்பு. டிரிபிள்-ஏயில் காத்திருப்பதோடு ஒப்பிட்டால் அது மலை. பணத்தைவிடப் பெரியது, அங்கே ஐந்தாம் நாள் நிச்சயம். மெரில் கெல்லி மேஜர் லீக்கைப் பார்க்காமலேயே 2015 முதல் 2018 வரை எஸ்.கே. வைவர்ன்ஸுக்கு வீசினார். 30 வயதில் அரிசோனாவுக்கு வந்து, 2023 உலகத் தொடர் இரண்டாம் ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ், ஒரே ரன். எரிக் ஃபெடி பக்கவாட்டில் அகலமாக விலகும் ஸ்வீப்பர் பந்தைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டு போய், 2023-இல் என்.சி. டைனோஸுக்கு 20 வெற்றி, 209 ஸ்ட்ரைக்அவுட். திரும்பியதும் இரண்டு வருடத்துக்கு 1.5 கோடி.

போய் எதையும் மாற்றாமல் அதே பந்தை வீசிவிட்டு வருகிறவருக்கு இந்தக் கதவு திறப்பதில்லை.

#14 | புல்பென்_கதவு

கடைசியா ஒண்ணு. 30 தாண்டின பிட்சர் மைனர் லீக் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடும்போது ஏஜென்ட் எதைக் கவனிக்கணும்?

#15 | நாற்பதாம்_இடம்

முதலில் விலகும் தேதி. சேர்க்காவிட்டால் வெளியே போகலாம் என்று நாள் குறித்து எழுதி வாங்க வேண்டும். ஆறு ஆண்டு சேவையோடு, முந்தைய சீசனை மேஜர் லீக்கில் முடித்தவருக்கு இப்போது விதியிலேயே மூன்று தேதி இருக்கிறது: சீசன் தொடங்க ஐந்து நாள் முன், மே 1, ஜூன் 1. மற்றவர்கள் பேசித்தான் பெற வேண்டும். ஜூன் நல்ல மாதம். அதற்குள் எல்லா அணியிலும் இரண்டு முழங்கையாவது போயிருக்கும்.

இரண்டாவது, மேலே போனால் இவ்வளவு, கீழே இருந்தால் இவ்வளவு என்று இரண்டு சம்பளத்தையும் தனித்தனியாக எழுதுவது. மூன்றாவது, ஆசிய அணி கேட்டால் விடுவிக்கும் பிரிவு. இவற்றுக்கெல்லாம் முன்னால், அந்த அணியின் நாற்பதை எடுத்துவைத்து, ஆப்ஷன் மீதமுள்ள தொடக்கப் பிட்சர்கள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். ஆறேழு பேர் இருந்தால் எவ்வளவு நன்றாக வீசினாலும் வரிசை நகராது. பெரிய பெயர்கொண்ட அணியைவிட, ஆள் பற்றாத அணியே மேல்.

ஜாக்சன் 2018-இல் செய்தது இதுதான். வாஷிங்டனின் மைனர் லீக்கில் இருந்தார், மேலே இடமில்லை. ஜூன் தொடக்கத்தில் விலகி, தொடக்கப் பிட்சர்கள் வரிசையாகக் காயம்பட்டுக் கிடந்த ஓக்லண்டில் சேர்ந்தார். ஜூன் 25, நோ-ஹிட்டர் வீசி எட்டு வருடம் நிறைந்த அதே தேதியில், டெட்ராய்ட்டில் ஆறு இன்னிங்ஸ், ஒரு ரன். அந்த சீசன் அங்கே 17 ஆட்டம் தொடங்கி 6-3, இ.ஆர்.ஏ. 3.33. ஓக்லண்ட் 97 ஆட்டம் ஜெயித்தது.